முன்பின் தெரியாதவரோடு இணையத்தில் வாதிடுவது எப்படி: தொழில்நுட்பம், அறிவியல், மதம் பற்றிய முழுமையான வழிகாட்டி

இணைய விவாதத்தில் புதிதாக இறங்குபவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வரிசைதான். ஒரு பதிவைப் படிக்கிறார்கள், கோபம் வருகிறது, உடனே பதில் போடுகிறார்கள். அதன் பிறகு ஆதாரம் தேடுகிறார்கள். எதிராளி உண்மையில் என்ன சொன்னார் என்று கடைசியில்தான் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள். அதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும்.

இங்கே வரிசை தலைகீழ். பதில் எழுதுவது எட்டாவது படி. முதல் ஏழையும் பழகிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். பல சமயம் ஏழாவது படியிலேயே பதில் தேவையில்லை என்று தெரிந்துவிடும், அதுவும் லாபம்தான்.

1. இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். மத விவாதம் சூடேறினால் சிலர் கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பிப்பார்கள். வேலை பார்க்கும் இடம், பிள்ளைகளின் படம், தொலைபேசி எண், வீட்டை அடையாளம் காட்டும் படங்கள் எல்லாவற்றையும் வாதம் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். நடுவில் எடுத்தால் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் அதற்குள் எடுத்திருப்பார்.

பல நாடுகளில் மத உணர்வைப் புண்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். "கருத்துதானே சொன்னேன்" என்பது எல்லா இடத்திலும் எடுபடாது. பதிவை நீக்கினால் பிரச்சினையும் நீங்கிவிடும் என்று நினைப்பதும் தவறு.

பதிலை அந்தத் தளத்தின் பெட்டியில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள். தனிக் கோப்பில் எழுதி, முடித்த பின் ஒட்டுங்கள். பாதி எழுதியது கை தவறிப் போய்விடும் என்பது சின்னக் காரணம். எதிராளியின் வரிகள் கண் முன்னே இருக்கும்போது கை அவர் தொனியிலேயே எழுதும் என்பது பெரிய காரணம்.

இன்னொரு கோப்பு குறிப்புகளுக்கு. ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயங்கள் போதும்: கூற்று, மூல ஆதாரத்தின் சுட்டி, அது என்ன சொல்கிறது என்று ஒரே வரி, நீங்கள் சரிபார்த்த தேதி. ஒரே தவறான கூற்று வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடினால் அலுத்துப்போய் ஆதாரம் இல்லாமல் எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

2. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்தல்

பொதுவெளியில் நடக்கும் வாதத்தை எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எதிராளி பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கலாம். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பிடிவாதம் இருக்காது. அதனால் யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்: எதிராளிக்கா, படிப்பவர்களுக்கா, நீங்களே தெளிவு பெறவா. மூன்றுக்கும் எழுத்து மாறும். எதிராளிக்கு என்றால் கேள்விகள் அதிகம் வேண்டும். படிப்பவர்களுக்கு என்றால் பின்னணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் நடுவில் வந்து சேர்பவர்கள்.

"ஆதாரம் காட்டினால் மக்கள் பழைய நம்பிக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் பேசியே பயனில்லை" என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2010 இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது அது. பின்னர் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களை வைத்துச் சோதித்தார்கள். அந்த எதிர்விளைவு கிட்டத்தட்டத் தென்படவே இல்லை. சரியான தகவல் ஓரளவாவது உள்ளே போகிறது. மனம் முழுதாக மாறிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை, ஆனால் முயற்சி வீண் என்று ஒதுங்கவும் காரணம் இல்லை.

எழுதுவதற்கு முன் எதிராளியின் பழைய பதிவுகளை ஐந்து நிமிடம் பாருங்கள். எங்காவது "இதை நான் யோசிக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரா? ஒரே பத்தியைப் பத்து இடங்களில் ஒட்டியிருக்கிறாரா? சீண்டுவதைத் தவிர வேறு எதுவும் எழுதியதுண்டா? அவர் கேலியாக எழுதியதை நீங்கள் நிஜமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தீவிர நம்பிக்கையைக் கிண்டல் செய்யும் எழுத்துக்கும் அந்த நம்பிக்கைக்கும் எழுத்தில் வேறுபாடு தெரியாது, அவருடைய பழைய பதிவுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

3. ஒரே ஒரு கூற்றைப் பிரித்தெடுத்தல்

அடிக்கடி கண்ணில் படும் வகைப் பதிவு ஒன்று:

"மொபைல் டவர் கதிர்வீச்சு புற்றுநோய் தருகிறது, உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது, கம்பெனிகள் மறைக்கின்றன, அந்தக் காலத்தில் யாருக்கு இந்த நோய் இருந்தது, இயற்கையை மீறினால் இப்படித்தான்."

ஒரே மூச்சில் ஐந்து கூற்றுகள். புதியவர்கள் ஐந்துக்கும் பதில் எழுதுவார்கள். எதிராளி அவற்றில் எது பலவீனமோ அதை மட்டும் பிடித்துக்கொள்வார். மற்ற நான்கும் காற்றில் போகும்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், மற்றவை அதன் மேல் சாய்ந்து நிற்க வேண்டும். இங்கே அது இரண்டாவது: "உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது." அறிக்கை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். படிப்பவருக்கு அந்தப் பதிவின் மேல் நம்பிக்கை வருவதும் அந்த வரியால்தான். கம்பெனிகள் மறைக்கின்றனவா என்பதை எடுத்தால் நாள் கணக்கில் பேசலாம், எங்கும் போய்ச் சேராது.

4. அது என்ன வகைக் கூற்று?

வாதங்கள் முடிவில்லாமல் இழுபடுவது பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான். ஒருவர் அளந்து பார்க்கக்கூடியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் விருப்பத்தைப் பற்றி. நான்கு வகைகளை மனதில் வைத்தால் போதும்.

*சோதிக்கக்கூடியது.* "இரவு முழுக்க சார்ஜ் போட்டால் போன் பேட்டரி கெட்டுவிடும்." இதை அளந்து பார்க்கலாம். போன் பேட்டரியில் உள்ள லித்தியம் அயான் செல் நிறைந்ததும் (சாதாரணமாக 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே) போனின் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தை நிறுத்திவிடும். அதனால் மேலும் மேலும் ஏறி வெடிக்கும் என்பது தவறு. ஆனால் 100 சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில், மணிக்கணக்காக இருந்தால் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும். பல போன்களில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருப்பது இதற்காகத்தான். ஆக ஒருவர் வெடிப்பை மறுக்கிறார், மற்றவர் ஆயுள் குறைவைச் சொல்கிறார், இருவரும் சரி. "கெட்டுவிடும் என்றால் என்ன ஆகும் என்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியில் இருபது பதில்கள் மிச்சமாகும்.

*விருப்பமும் தேர்வும்.* விம்மா ஈமாக்ஸா (நிரல் எழுதப் பயன்படும் இரு மென்பொருள்கள்), ஆண்ட்ராய்டா ஐபோனா, எந்த நிரலாக்க மொழி சிறந்தது. "யாருக்கு, எந்த வேலைக்கு" என்பதைச் சேர்க்காமல் இவற்றில் பேசவே முடியாது. வேகச் சோதனை எண்களைக் காட்டினால், எந்தப் பதிப்பு, எந்த வன்பொருள், என்ன அமைப்புகள், எத்தனை முறை ஓட்டினார்கள் என்று கேளுங்கள். முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து படித்ததை இரண்டாவது ஓட்டத்தில் நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அது தெரியாமல் ஒப்பிட்டால் மெதுவான நிரல்கூட வேகமாகத் தெரியும். நிபந்தனைகள் இல்லாத எண்ணை இரு தரப்பும் கணக்கில் எடுக்காமல் விடுவதே நியாயம்.

*எது சரி, எது தகாது என்பது.* "மரபணுவில் மனிதன் கை வைக்கக் கூடாது." உண்மைத் தகவல்கள் இங்கே உதவும், ஆனால் தீர்ப்புச் சொல்லாது. "இப்படி இருக்கிறது" என்பதிலிருந்து "இப்படி இருக்க வேண்டும்" என்பதற்கு வெறும் தகவலை வைத்துத் தாவ முடியாது என்பதை தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டிவிட்டார். ஆய்வுக் கட்டுரையை நீட்டுவதற்கு முன், எந்தத் தீங்கைத் தவிர்க்க அவர் அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அந்தத் தீங்கு நடக்கிறதா என்பது சோதிக்கக்கூடிய கூற்று. அங்கே ஆதாரம் பேசும்.

*நம்பிக்கை.* "கடவுள் இருக்கிறார்." இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை கிடையாது, இல்லை என்பதற்கும் கிடையாது. ஆனால் மதத்தைப் பற்றிய வாக்கியம் எல்லாமே இந்த வகை என்று எண்ணிவிடாதீர்கள். "இந்த நோன்பு சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்பது மருத்துவக் கூற்று, சோதிக்கலாம். "இந்த நூல் இந்த நூற்றாண்டில் எழுதப்பட்டது" என்பது வரலாறு, ஆவணங்களும் மொழிநடையும் பேசும். "பிரார்த்தனை எனக்கு அமைதி தருகிறது" என்பது அவர் அனுபவம், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை, மறுக்கவும் வேண்டாம். இந்த மூன்றையும் பிரித்துப் பேசினால் நம்பிக்கையாளரோடு நெடுநேரம் மரியாதையாகப் பேசலாம். கலந்து பேசினால் மருத்துவக் கூற்றை மறுத்ததற்கே அவர் கடவுளை மறுத்ததாக எடுத்துக்கொள்வார்.

அறிவியலும் மதமும் சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் செய்யும் பிழைகள் உண்டு. நம்பிக்கையாளர் பக்கம்: "இந்தக் கண்டுபிடிப்பு எங்கள் நூலில் அன்றே இருக்கிறது." இதற்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பு வாழ்ந்த உரையாசிரியர் யாராவது அந்த வரிக்கு அந்தப் பொருளைச் சொல்லியிருக்கிறாரா? கண்டுபிடிப்புக்குப் பின்புதான் அந்தப் பொருள் முளைத்தது என்றால், கண்டுபிடிப்புதான் நூலுக்கு உரை எழுதியிருக்கிறது. இதைக் கேலி இல்லாமல் கேளுங்கள். பல நம்பிக்கையாளர்கள் இந்தக் கேள்வியை நேர்மையாக ஏற்றுக்கொள்வார்கள், நூலின் மதிப்பு அதில் இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள்.

மறுப்பாளர் பக்கம்: நூலின் வரியைச் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளில் எடுத்து அடிப்பது. எதிராளியின் மரபு அதை உருவகமாகப் படிக்கும் மரபாக இருக்கலாம். எந்தப் பிரிவு, எந்த உரை என்று கேட்காமல் தொடங்கினால் அவர் நம்பாத ஒன்றை மறுத்துக்கொண்டிருப்பீர்கள். "படித்தவன் மதத்தை நம்ப மாட்டான்" என்ற வாதத்தையும் தொடாதீர்கள். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927 இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். பட்டாணிச் செடிகளில் மரபுவழி விதிகளைக் கண்டு 1866 இல் வெளியிட்ட கிரிகோர் மெண்டல் துறவி. லெமைத்ர் தன் கோட்பாட்டை மதத்துக்குச் சான்றாக இழுப்பதை விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் யோசிக்க இடம் தரும் உதாரணம் அது.

5. எதிராளியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லுதல்

அவர் வாதத்தை இரண்டு வாக்கியத்தில் உங்கள் கோப்பில் எழுதுங்கள். அதைப் படித்தால் அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்பாரா? இல்லை என்றால் திரும்ப எழுதுங்கள். அவர் விட்டுவிட்ட நல்ல காரணம் ஒன்று உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. வாதத்தின் பலவீனமான வடிவத்தை உடைத்தால், பலமான வடிவம் அறிந்த அடுத்த ஆள் வந்து உங்கள் பதிலை இரண்டு வரியில் முடித்துவிடுவார். இந்தப் படியில் கைவைத்தவர்களில் கணிசமானவர்கள், தாங்கள் எதிர்ப்பது வேறு ஒன்றை என்பதையும் கண்டுகொள்கிறார்கள்.

6. எது கிடைத்தால் மனம் மாறும்?

முதலில் உங்களையே கேளுங்கள்: என்ன ஆதாரம் வந்தால் நான் மாற்றிக்கொள்வேன்? எழுதி வையுங்கள். எதுவும் தோன்றவில்லை என்றால், நீங்கள் பேசப் போவது உங்கள் நம்பிக்கையைப் பற்றி. அதை ஆதார வாதம் போல உடுத்த வேண்டாம்.

பிறகு எதிராளியிடம் கேளுங்கள். "என்ன ஆதாரம் வந்தாலும் மாற மாட்டேன்" என்றால் ஒரு பதிலோடு நிறுத்தலாம். "பெரிய அளவில் மனிதர்களிடம் செய்த ஆய்வு வேண்டும்" என்றால் ஏழாவது படிக்கு இலக்கு கிடைத்துவிட்டது. இதை ஆதாரம் காட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். காட்டிய பிறகு கேட்டால் அவர் இலக்கை உங்கள் ஆதாரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பார்.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதும் இங்கேயே தீரட்டும். கூற்றை முன்வைத்தவர்தான் ஆதாரம் தர வேண்டும். "இல்லை என்று நீ நிரூபி" என்பதை ஏற்காதீர்கள், அதே போல் நீங்கள் சொன்னதற்கு "நீங்களே தேடிப் பாருங்கள்" என்றும் சொல்லாதீர்கள்.

7. ஆதாரத்தைச் சரிபார்த்தல்

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் இருப்பவை சீக்கிரம் முடியும், பாதி ஆதாரங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

செய்தியிலிருந்து மூலத்துக்குப் போங்கள். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பையோ டிஓஐ எண்ணையோ (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) கூகுள் ஸ்காலர், பப்மெட் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளங்களில் தேடுங்கள். செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவி தந்த மேற்கோள் என்றால் கட்டாயம் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு நம்பும்படியான தலைப்பும் ஆசிரியர் பெயரும் அது கொடுத்துவிடும்.

திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். எம்எம்ஆர் தடுப்பூசியையும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) ஆட்டிசத்தையும் இணைத்த கட்டுரை 1998 இல் தி லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் இருந்த குழந்தைகள் 12 பேர். இதழ் அதை 2010 இல் திரும்பப் பெற்றது. 2019 இல் வெளியான டென்மார்க் ஆய்வு 6,57,461 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்துத் தொடர்பு இல்லை என்றது. இன்றும் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது திரும்பப் பெறப்பட்டது தெரியாது. அவர்களைப் பொய்யர் என்று சொல்லாமல் தகவலை மட்டும் கொடுங்கள்.

எதை ஆராய்ந்தார்கள் என்று பாருங்கள். கண்ணாடித் தட்டில் இருந்த செல்களிலா, எலிகளிலா, மனிதர்களிலா? செல்களைக் கொன்ற பொருள் மனித உடலில் மருந்தாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே ஆய்வா, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட மதிப்பாய்வா? காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) வெளியிடுவது போன்ற தொகுப்புகள் இருந்தால் தனி ஆய்வுக்கு முன் அதைப் படியுங்கள்.

சதவீதம் எதன் சதவீதம் என்று பாருங்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 இல் சொன்னது. நூற்றுக்குப் பதினெட்டு பேருக்கு நோய் வரும் என்று இதைப் படிப்பவர்கள் ஏராளம். வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடினால் அது ஏறக்குறைய ஆறு பேர் ஆகும். கூடுதல் உண்மைதான், அளவு வேறு.

வகைப்பாடு எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். அதே முகமை பதப்படுத்திய இறைச்சியையும் புகையிலைப் புகையையும் ஒரே முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆபத்து சமம் என்பதால் அல்ல. புற்றுநோய் தரும் என்பதற்கான ஆதாரம் இரண்டுக்கும் உறுதியாக இருப்பதால். பிரிவு சொல்வது ஆதாரத்தின் உறுதியை மட்டும்.

படம் ஆதாரமாக வந்தால் கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ போன்ற, படத்தை வைத்தே தேடும் கருவியில் அது முன்பு எங்கே வந்தது என்று தேடுங்கள், பழைய படம் புதுச் செய்தியோடு சுற்றுவது சாதாரணம். நீங்கள் மேற்கோள் காட்டும் பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்துவிடுங்கள். நாளை அது மாறினாலும் நீங்கள் பார்த்தது அங்கே இருக்கும்.

இந்தப் படியில் அதிகம் நடக்கும் பிழை: தலைப்பைப் படித்துவிட்டு சுட்டியை ஒட்டுவது. கட்டுரையின் முடிவுரை உங்களுக்கு எதிராக இருந்தால் எதிராளி அதை எடுத்து ஒட்டுவார், அந்த வாதம் அத்தோடு முடிந்தது.

8. பதிலை எழுதுதல்

மூன்றாவது படியில் எடுத்த கூற்றுக்கு இப்படி ஒரு பதில் எழுதலாம்:

"நீங்கள் சொல்வது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்ததைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சேர்த்தது உண்மை. அந்தப் பிரிவுக்கு 'புற்றுநோய் தர வாய்ப்பு உண்டு, ஆனால் ஆதாரம் உறுதியாக இல்லை' என்று பொருள். கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தவை முக்கியமாகக் காதில் வைத்துப் பேசும் போன்களைப் பற்றிய ஆய்வுகள். இத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வேறு அறிக்கையை நினைத்துச் சொல்லியிருந்தால் சுட்டி தர முடியுமா?"

முதல் வாக்கியம் அவர் கூற்றைத் திரும்பச் சொல்கிறது, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் அங்கேயே திருத்தலாம். இரண்டாவது, அவர் சொன்னதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொள்கிறது. அடுத்த மூன்றும் தகவல். பிறகு உங்கள் கூற்றின் எல்லை. அதைச் சொல்லாவிட்டால் "அப்படியானால் எல்லாம் பாதுகாப்பா?" என்று நீங்கள் சொல்லாததற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. மூன்று கேள்விகள் கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும்.

அந்தப் பதிலில் நான் சேர்க்காத வாதம் ஒன்றைக் கவனியுங்கள். 3.5 ஜிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் ஒரு ஃபோட்டானுக்கு (அலை சுமக்கும் ஆற்றலின் மிகச் சிறிய துணுக்கு) ஆற்றல் சுமார் 0.0000145 எலெக்ட்ரான் வோல்ட். எக்ஸ் கதிர் செய்வது போல மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்துச் செல்லைக் கெடுக்க ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும், கிட்டத்தட்ட ஏழு லட்சம் மடங்கு. நல்ல வாதம். ஆனாலும் முதல் பதிலில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் நீங்கள் எடுத்த கூற்று அறிக்கையைப் பற்றியது. "எப்படிப் பாதிக்காது என்கிறீர்கள்?" என்று அவரே கேட்கும்போது எடுத்துக் கொடுங்கள். கேட்டவருக்குக் கொடுத்த விளக்கம் தங்கும்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல், மனம் மாறியதை அறிவிக்கும் வழக்கம் உள்ள ரெடிட் விவாதத் தளப் பகுதி ஒன்றின் வாதங்களைப் பகுத்துப் பார்த்தார்கள். வெற்றி பெற்ற பதில்கள் எதிராளி பயன்படுத்தாத சொற்களை அதிகம் கொண்டிருந்தன. அதாவது அவர் சொன்னதையே சுற்றிவராமல் புதிதாக எதையோ கொண்டுவந்தன. அவர் பதிவை வரி வரியாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் கீழே மறுப்பு எழுதும் பழக்கத்தை விடுவதற்கு இது போதுமான காரணம்.

"நீங்கள்" என்றே எழுதுங்கள். தெரியாத ஆளை "நீ" என்றால், அல்லது "முதலில் போய்ப் படித்துவிட்டு வா" என்றால், அந்த நொடியிலிருந்து பேச்சு மரியாதையைப் பற்றியதாகிவிடும். ஆச்சரியக்குறிகள், சிரிக்கும் பொம்மைகள், "பாவம்", "அறிவாளி" போன்ற குத்தல்கள் எல்லாவற்றையும் அனுப்பும் முன் நீக்குங்கள். நீக்கிய பிறகு பதிலில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் அதை அனுப்ப வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் இருபது நிமிடம் விட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்து அனுப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத எரிச்சல் காதுக்குத் தெரியும்.

9. திரும்பி வரும் திசைதிருப்பல்கள்

*மூட்டையாகக் கொட்டுவது.* ஒரே பதிலில் பதினைந்து கூற்றுகள், ஆறு காணொளிச் சுட்டிகள். எல்லாவற்றையும் மறுக்க உங்களுக்கு ஒரு நாள் ஆகும், கொட்ட அவருக்கு ஐந்து நிமிடம். "இவற்றில் உங்களுக்கு மிக வலுவாகத் தோன்றுவது எது? அதை மட்டும் முழுதாகப் பார்ப்போம்" என்று எழுதுங்கள். அவர் தேர்ந்தெடுத்தது விழுந்தால் மற்றவற்றின் தரமும் படிப்பவர்களுக்குப் புரியும். நீண்ட காணொளிக்கும் இதே வழி: எத்தனையாவது நிமிடம் என்று கேளுங்கள்.

*"அவன் செய்தபோது கேட்டாயா?"* வேறு மதத்தின், வேறு நிறுவனத்தின் தவறுக்குப் பேச்சைத் திருப்புவது. "அதுவும் தவறாக இருக்கலாம், தனியாகப் பேசலாம். இந்தக் கூற்று சரியா?" என்று ஒரே வரி. அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தாலும் திரும்பி வர முடியாது.

*முடிவில்லாத மரியாதையான கேள்விகள்.* பதில் சொல்லச் சொல்ல, சொன்னதைத் தொடாமல் அடுத்த கேள்வி. இரண்டு கேள்விக்குப் பதில் சொன்ன பின், "என் முந்தைய பதிலில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை?" என்று கேளுங்கள். உண்மையாகக் கேட்பவர் பதில் சொல்வார். குதர்க்கத்துக்காகக் கேட்பவர் இன்னொரு கேள்வி கேட்பார்.

*ஆளைத் தாக்குவது.* உங்கள் சாதி, மதம், படிப்பு, பாலினம் பேச்சுக்குள் வந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் கூற்றுக்குத் திரும்புங்கள், ஒரு முறை மட்டும். இரண்டாவது முறை வந்தால் அடுத்த படி.

10. நிறுத்துவது

மேலே சொன்ன 2016 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இருவரும் மாறி மாறிப் பேசுவது ஓரளவு வரை உதவுகிறது. ஐந்து சுற்றுகள் தாண்டிய பிறகு மனம் மாற வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. ஐந்தை உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தை இரண்டாம் முறை எழுதுகிறீர்கள் என்று கண்டால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

நிறுத்தும் பதிலில் மூன்று வரி போதும்: எதில் ஒத்துப்போகிறீர்கள், எதில் இல்லை, படிக்க விரும்புபவருக்கு ஒரு சுட்டி. "இதோடு நான் முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் ஓடிவிட்டதாக எழுதுவார்கள், அதைப் படித்ததும் கை துடிக்கும். அதன் பின் வரும் கடைசி வார்த்தையை அவருக்கே விட்டுவிடுங்கள். அந்த உரையாடலுக்கான அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மனஉறுதியை மட்டும் நம்பி இருக்க வேண்டும்.

மிரட்டல் வந்தால் பதிலே வேண்டாம். முழுப் பக்கமும் தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளத்தில் புகார் செய்து, பிறகு தடை செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். சில தளங்களில் தடை செய்தபின் அவர் பதிவுகள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆதாரம் எடுக்க முடியாமல் போகும்.

11. தவறு உங்கள் பக்கம் என்று தெரிந்தால்

பதிவை நீக்காதீர்கள். அதற்குக் கீழே வந்த நியாயமான மறுப்புகள் பொருளற்றுப் போய்விடும், மறைத்துவிட்டதாகவும் பேச்சு வரும். பழைய வரியை அப்படியே விட்டு, பதிவின் மேலே திருத்தம் என்று குறிப்பிட்டு, எது தவறு, சரியானது என்ன, யார் சுட்டிக்காட்டினார் என்பதை எழுதுங்கள். "ஆனால் என் அடிப்படைக் கருத்து சரிதான்" என்று அதே மூச்சில் சேர்க்காதீர்கள். அடிப்படைக் கருத்து அந்தத் தகவலின் மேல் நின்றதா என்பதை முதலில் பாருங்கள், நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பிறகு குறிப்புக் கோப்பைத் திறந்து அந்த வரியைத் திருத்தி, புதிய தேதி போடுங்கள். பொதுவில் திருத்திவிட்டு இதை மறப்பவர்கள்தான் சில மாதம் கழித்து அதே தவறான எண்ணை வேறொரு வாதத்தில் மறுபடி ஒட்டுகிறார்கள்.